எண் 114

பலகைமேல் எண்ணெய் வண்ணம்.
நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டர்.
வீடு. இடம் தெரியவில்லை.
எனக்கு முன்பிருந்தவர் அட்டையில் எழுதியது
இவ்வளவுதான்.

வரைந்தவன் செர்வாஸ் குவிண்டன்.
பெர்கன் ஒப் ஸோம் துறைமுகத்தில்
நெத்திலிப் பீப்பாய்களுக்கு முத்திரை எழுதிப் பிழைத்தவன்.
ஞாயிற்றுக்கிழமை வானம் வரைவான்.
பலகையில் முக்கால் பங்கு வானம்,
அடியில், கஞ்சிக்கு ஊறுகாய் போல,
ஒரு துண்டு நிலம்.
நிலம் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று
ஹேக் நகரத்து வியாபாரி கேட்டெழுதியதற்கு
‘எங்கள் ஊரில் அவ்வளவுதான் இருக்கிறது’
என்று பதில் போட்டிருக்கிறான்.

ஒருமுறை ஆம்ஸ்டர்டாம் போனான், 1911இல்.
மரத்தை உடைத்துக் கோடாக்கிய ஓவியங்களைப்
பார்த்திருக்க வேண்டும்.
கணக்குப் புத்தகத்தில் அந்த நாளுக்கு
ரயில் கட்டணம், ஒரு பீர்.
கருத்து எதுவும் இல்லை.

நாட்குறிப்பு எழுதாதவன். கணக்கு மட்டும்.
எனவே 1914 அக்டோபரை
அவன் வாங்கிய சாயங்களிலிருந்துதான்
நான் படிக்கிறேன்.

ஒன்பதாம் தேதி: ரொட்டி, பதினோரு பேருக்கு.
பத்தாம் தேதி: வைக்கோல். மறுபடி ரொட்டி.
எல்லையைத் தாண்டி பெல்ஜியம் நடந்து வந்துகொண்டிருந்தது,
தள்ளுவண்டியில் சுவர்க்கடிகாரத்தோடு,
கூண்டில் கானரியோடு,
ஒற்றைக்கால் செருப்போடு.
பீப்பாய்க் கொட்டகையில் படுத்தவர்களில் ஒருத்தி லியோனி,
லீர் ஊர்க்காரி. மொழி ஒன்றுதான், ராகம் வேறு.

பன்னிரண்டு: செங்கல் நிறம். லியோனியின் வீடு.
பதின்மூன்று: அதே நிறம், கொஞ்சம் கறுப்பு கலந்து.
‘அவ்வளவு சிவப்பு இல்லை என்கிறாள்.’
பதினான்கு: கதவுக்குப் பச்சை.
பதினைந்து: கதவுக்கு வேறு பச்சை.
அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மனைவி தோனியாவின் கையெழுத்து:
‘இருக்கிற வீட்டுக்குக் கூரை ஒழுகுகிறது.
இல்லாத வீட்டுக்கு ஓடு போடுகிறார்.’

பலகையைத் திருப்பினேன்.
பின்புறம் கரியால் ஒரு கோடு,
பக்கத்தில் இரண்டே சொல்:
படி. அவள் கால்.

மிச்சம் என் ஊகம்.
வாசற்படி எவ்வளவு உயரம் என்று கேட்டிருப்பான்.
அவளுக்கு அளவு தெரியவில்லை.
முப்பது வருஷம் ஏறிய படியை
யார் அளந்து பார்க்கிறார்கள்?
கண்ணை மூடிக்கொண்டு
பீப்பாய்களுக்கு நடுவே வலது காலைத் தூக்கினாள்.
கால் தானாக ஓரிடத்தில் நின்றது.
ஒன்றுமில்லாததன்மேல், அழுத்தமாக.
அவன் குனிந்து
பலகையை அவள் பாதத்தோரம் நிறுத்திக் கோடு போட்டான்.

பத்தொன்பது: ‘பெண் புறப்பட்டாள். ஃபிளிஸ்ஸிங்கன், அங்கிருந்து கப்பல்.
எடுத்துப் போகவில்லை. ஈரம்.’
எண்ணெய் காய வாரக்கணக்கு ஆகும்.
கப்பல் காத்திருக்குமா?

அதற்கப்புறம் அவன் வானமும் குறைந்தது.
போர்க்காலம், நெத்திலி ஏற்றுமதி இல்லை,
முத்திரைக்கு ஆள் தேவையில்லை.
புத்தகத்தில் உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு,
கரி, கடன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
புகைபோக்கிக்கு மேல் மெல்லிய வெள்ளை ஒன்று
மற்ற வெள்ளையோடு சேராமல் நிற்கிறது.
வீடு முழுக்க ஈய வெள்ளை,
இது மட்டும் துத்தநாகம்.
‘புகை வேண்டாம்,
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்’
என்று அவள் சொன்னதாகப் பதினாறாம் தேதிக் குறிப்பு.
சொன்னபடியே விட்டிருக்கிறான்.

1919 மார்ச், ஒரே வரி:
துத்தநாக வெள்ளை, சிறிய குழாய்.
அடுப்பு.

‘இடம்’ என்ற கட்டம் இன்னும் காலி.
லீர் என்று எழுதினேன். அடித்தேன்.
அந்தத் தெருவை அவன் பார்த்ததே இல்லை.
கடைசியில்
‘படி: ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு’
என்று எழுதி வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை மேலதிகாரி வந்து அடித்துவிடுவார்.
பென்சிலில்தான் எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தி.